கையெழுத்தை எண்ணாதீர்கள்

கேள்வி: அமெரிக்க அதிபர் பதவியேற்ற அன்றே கட்டுக்கட்டாக நிர்வாக ஆணைகளில் கையெழுத்துப் போடுகிறார். "இவர்தான் செயல்வீரர்" என்கிறான் என் மகன். ஆணைகளின் எண்ணிக்கையை வைத்து ஓர் அதிபரை எடைபோடலாமா?

பதில்: கூடாது. நிர்வாக ஆணை என்பது அதிபர் தம் கீழுள்ள துறைகளுக்கு இடும் உத்தரவு, அவ்வளவுதான். பேனாவை மூடிய பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனமோ சிறையை ஓராண்டுக்குள் மூடச் சொல்லி 2009 ஜனவரி 22 அன்று ஒபாமா ஆணையிட்டார். கைதிகளை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவரப் பணம் தர மாட்டோம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. எட்டாண்டு ஆட்சி முடிந்து அவர் வீட்டுக்குப் போனார். சிறை அங்கேயே இருந்தது.

புது அதிபருக்கு 'முதல் 100 நாள்' மதிப்பெண் பட்டியல் விற்பவர்களிடம் மட்டும் ஏமாறாதீர்கள். 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் பிறந்த அந்தச் சொல் குறித்தது காங்கிரஸின் சிறப்புக் கூட்டத் தொடரை. அதாவது, நிறைவேறிய சட்டங்களை! இவர்களோ கையெழுத்தை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையும் அரைகுறை. சிறுவயதில் வந்து ஆவணமின்றி வாழ்ந்த லட்சக்கணக்கானோரை நாடுகடத்தலிலிருந்து காத்த 2012ஆம் ஆண்டு ஏற்பாடு, நிர்வாக ஆணையே அல்ல. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளரின் குறிப்பாணை. எந்தப் பட்டியலிலும் அதைத் தேடாதீர்கள்.

ஒற்றை ஆணை ஊரையே மாற்றியதில்லையா என்று மகன் மடக்கக்கூடும். மாற்றியது உண்டு. ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க 1948இல் அதிபர் ட்ரூமன் போட்ட 9981ஆம் ஆணை. அங்கே அவரே தலைமைத் தளபதி. காங்கிரஸிடம் கையேந்த வேண்டியதில்லை. வேலை நடக்கிறதா என்று பார்க்க அந்த ஆணையிலேயே ஒரு குழுவும் வைத்தார். அப்படியும் தரைப்படை இழுத்தடித்தது. கொரியப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. கறுப்பினத்தவருக்கென்றே இருந்த கடைசிப் படைப்பிரிவு கலைந்தது 1954இல். அப்போது ட்ரூமன் பதவியிலேயே இல்லை. அதே மனிதர் 1952 ஏப்ரலில் எஃகு ஆலைகளை அரசுடைமைபோலக் கையில் எடுக்க ஆணையிட்டார். அதற்குச் சட்டத்தின் துணை இல்லை. இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளிவிட்டது.

நீதிமன்றத்தின் அந்த வேகம் இன்று எங்கே? காங்கிரஸ் பிடிகொடுக்காத சொற்களில் சட்டம் எழுதிவிட்டு ஒதுங்குகிறது, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. கருக்கலைப்பு தொடர்பான வெளிநாட்டு அமைப்புகளுக்கு நிதியை நிறுத்தும், அதிபர் ரீகன் கால விதியைப் பாருங்கள். 1993 முதல், ஆளும் கட்சி மாறும்போதெல்லாம் ஒருவர் அழிப்பதும் அடுத்தவர் எழுதுவதுமாகவே ஓடுகிறது.

மகனிடம் இன்றைய ஆணைகளில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து மூன்று கேள்விகள்: பணம் வந்ததா, நீதிமன்றம் தடுத்ததா, எந்த அதிகாரியாவது அதன்படி நடந்தாரா?