பட்டப்பின் படிப்புக்கு நிதியுதவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெள்ளவத்தை வாசகி: இரசாயனவியலில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அப்பா ஓய்வூதியத்தில் இருக்கிறார். அமெரிக்காவில் முதுமாணி படிக்க உதவி கிடைக்குமா?

முதுமாணிக்கு உதவி தேடுவதை விட்டு, நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் உள்ளவருக்கு அங்கே பல துறைகளில் முதுமாணி கட்டாயமன்று. இரசாயனவியல் போன்ற விஞ்ஞானத் துறைகளில் கலாநிதி மாணவரின் கற்கைக் கட்டணத்தை நீக்கி, மாதப் படியும் கொடுப்பது வழக்கம். அதற்கு ஈடாக வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணித்தியாலம் ஆய்வுகூட வகுப்பு நடத்தவோ, விடைத்தாள் திருத்தவோ, பேராசிரியரின் ஆய்வில் வேலைசெய்யவோ வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதம் வந்தால் தொகையை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். படி 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, எத்தனை ஆண்டுக்கு உறுதி, மருத்துவக் காப்புறுதி அடங்குமா, ஏனைய மாணவர் கட்டணங்களை யார் கட்டுவது என்பவற்றை வரி வரியாகப் பாருங்கள். 9 மாதமென்றால் கோடை விடுமுறையில் வாடகைக்கு என்ன வழி என்று துறைக்கு எழுதிக் கேட்பதில் தவறேயில்லை. நிதியுதவியுடன் வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் கேட்டு வற்புறுத்துவதில்லை என்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டுள்ளன. அதுவரை மற்றக் கடிதங்களுக்குக் காத்திருக்கலாம். விண்ணப்பக் கட்டணமே சுமையென்றால் முன்கூட்டியே எழுதுங்கள், சில இடங்களில் விலக்களிப்பார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: வங்கியில் மூன்று வருட வேலை. முதுமாணிக்கு எந்தப் புலமைப்பரிசில் பொருந்தும்: பிரித்தானிய அரசின் செவனிங்கா, அமெரிக்க அரசின் புல்பிரைட்டா?

படித்து முடித்த பின் உங்களைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையை முதலில் பாருங்கள். செவனிங் பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிக்கானது. 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், மூன்று கற்கைநெறிகளைக் குறிப்பிட வேண்டும், முடித்ததும் நாடு திரும்பிக் குறைந்தது 2 ஆண்டுகள் இருக்க வேண்டும். புல்பிரைட்டில் சென்றவரும் 2 ஆண்டுகள் இலங்கையில் இருந்த பின்னரே அமெரிக்காவின் சில வேலை விசாக்களையோ நிரந்தர வதிவுரிமையையோ பெறலாம். வெளிநாட்டிலேயே தங்கிவிடும் எண்ணமுள்ளவருக்கு இரண்டும் பொருந்தா. இன்னொன்று: செவனிங் கட்டுரையில் குடும்பக் கஷ்டத்தை எழுதாதீர்கள். அங்கே எடைபோடப்படுவது தலைமைத்துவமும் தொடர்புகளை வளர்க்கும் திறனும் தெளிவான தொழில் திட்டமுமே. உங்கள் கிளையின் கடன் பிரிவில் நீங்கள் முன்னின்று மாற்றிய ஒரு நடைமுறையை விவரமாக எழுதினாலே போதும்.

தெஹிவளை வாசகி: புலமைப்பரிசில் நிச்சயம் என்று சொல்லி ஒரு முகவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அவர் புலமைப்பரிசில் என்று சொல்வது, பல்கலைக்கழகம் பலருக்கும் தானாகவே தரும் கட்டணக் கழிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேற்சொன்ன செவனிங், புல்பிரைட் இரண்டுக்கும் விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

பம்பலப்பிட்டி வாசகர்: அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாது. கொழும்பிலேயே படிக்க வழியுண்டா?

வார இறுதி வகுப்புகளாக நடக்கும் முதுமாணிகள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் படிப்பவை. ஆய்வுப் பட்டமென்றால் நிலை வேறு: தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் மானியம் பெற்ற விரிவுரையாளர்கள் மாதப் படியுடன் ஆய்வு உதவியாளரைச் சேர்த்து, எம்.பில். என்ற ஆய்வுப் பட்டத்துக்கான பதிவுக்கும் இடமளிப்பதுண்டு. விளம்பரத்துக்குக் காத்திராமல் உங்கள் துறையின் விரிவுரையாளர்களை நேரில் சந்தியுங்கள். மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்பதை, வேலையை ஏற்குமுன் கேட்டுவிடுங்கள். ஆய்வு பாதியில் நிற்கும்போது மானியம் முடிந்துபோனால் மிகுதிக் காலத்துக்கான பதிவுக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.