போராட்டத்தை ஆதரிக்கும் கலைஞரை அரசு ஏன் நேரடியாகக் கைது செய்வதில்லை?

கைது செய்தால் அந்த ஆள் ஒரே ராத்திரியில் தியாகி ஆகிவிடுவார், அதனால்தான். பெரும்பாலும் ஃபைலை வைத்தே அடிப்பார்கள்: விசா, பாஸ்போர்ட், வரி நோட்டீஸ், நிகழ்ச்சி அனுமதி.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடகர் ஜான் லெனன் கதையைப் பாருங்கள். வியட்நாம் போரை எதிர்த்தார், 1972இல் அமெரிக்கத் தேர்தல் வேறு, 18 வயதுக்காரர்களுக்கு அப்போதுதான் ஓட்டுரிமை வந்திருந்தது. அவர் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தி இளைஞர்களைத் திரட்டிவிடுவாரோ என்று அப்போதைய அதிபர் நிக்சன் தரப்புக்குப் பயம். ஆனால் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், 1968இல் லண்டனில் நடந்த ஒரு கஞ்சா வழக்கைத் தூசு தட்டி எடுத்து, நாடு கடத்தும் நடவடிக்கையைத் தொடங்கினார்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவரைப் பின்தொடர்ந்தது. 1975இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, 1976இல் கிரீன் கார்டும் கிடைத்தது. சரி, ஜெயித்தார்தானே என்பீர்கள். ஆனால் தேர்தல் நேரத்தில் அவர் அடங்கியிருக்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? அது நிறைவேறிவிட்டது, நிக்சனும் ஜெயித்தார்.

பால் ராப்சனுக்கு இதைவிட மோசம். கறுப்பின உரிமைக்காகப் பேசிய அந்த அமெரிக்கப் பாடகரின் பாஸ்போர்ட்டை 1950இல் பறித்தார்கள், திரும்பக் கிடைக்க 1958 ஆனது. உள்ளூரிலும் மேடை கொடுக்க ஆளில்லை, வெளிநாட்டுக்கும் போக முடியாது. அப்புறம் எதற்கு ஜெயில்?

நம் நாட்டிலும் நெருக்கடி நிலையின்போது அரசுப் பிரச்சாரத்துக்கு ஒத்துழைக்காத இந்திப் பாடகர் கிஷோர் குமாரின் பாடல்களை 1976இல் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்திவைத்தார்கள். இதில் அதிகம் பயப்படுவது அந்த நட்சத்திரம் அல்ல, தயாரிப்பாளரும் அரங்க உரிமையாளரும்தான். அவர்களே ஒதுக்க ஆரம்பித்துவிட்டால் அரசுக்கு வேலையே மிச்சம்.