டேப்லெட்டா, பழைய லேப்டாப்பா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டேப்லெட் வாங்க நினைக்கிறேன். “ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே குழந்தைகளுக்காகக் கனவு கண்ட கணினி இதுதான்” என்கிறான் என் தம்பி. உண்மையா? மழைக்காலத்தில் இங்கே மின்சாரமும் சிக்னலும் அடிக்கடி போய்விடும்.

பதில்: தம்பி சொல்வது பாதி உண்மை. 1972இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் கே, ‘டைனாபுக்’ என்ற கருவியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தக அளவு, இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடை, 500 டாலர் விலை. அன்று அட்டை மாதிரிதான் செய்ய முடிந்தது. எடையிலும் விலையிலும் இன்றைய டேப்லெட் அதை எப்போதோ வென்றுவிட்டது.

ஆனால் அந்தக் கட்டுரை தொடங்கும் காட்சியைப் பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர் பூங்காப் புல்லில் படுத்தபடி விண்கல விளையாட்டு ஆடுகிறார்கள். சூரியனுக்கு ஈர்ப்பு விசை இருக்க வேண்டுமே என்ற சந்தேகம் வருகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு, விளையாட்டின் நிரலையே திருத்துகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்தக் கனவும் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. உங்கள் மகள் டேப்லெட்டில் ஆடப்போகும் விளையாட்டின் உள்ளே அவளால் கைவைக்க முடியாது. இன்றைய டேப்லெட்டுகளைத் தன் கனவின் நிறைவாக ஆலன் கேயே ஏற்கவில்லை.

ஆகவே, விசைப்பலகை உள்ள பழைய லேப்டாப்பையே வாங்குங்கள். 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இரண்டும் இருக்கட்டும். பிள்ளைகளே நிரல் எழுதி விளையாட்டுகளை உருவாக்க உதவும், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளை இலவசமாக ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம். பந்தின் வேகத்தையும் ஈர்ப்பையும் அவளே மாற்றி ஆடலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் ஸ்கிராட்ச் உண்டு, ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் கவலை வேண்டாம். படிக்கவும் அது நல்ல கருவிதான்.

மலைக்கென்று சில எச்சரிக்கைகள். மின்சாரம் போனதும் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், திரும்ப வரும்போது மின்னழுத்தம் எகிறக்கூடும். உறைபனிக் காலையில் சில்லிட்ட கருவியை உடனே அடுப்பருகே கொண்டுபோனால் உள்ளே நீர் கோக்கும். கொஞ்ச நேரம் வீட்டுக்குள் அப்படியே வைத்திருந்து பிறகு சார்ஜ் போடுங்கள்.

பழைய லேப்டாப்பில் முதலில் தளர்வது பேட்டரி. கோவைக்கு இறங்கி வாங்குவதானால், கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.