ரிச்மண்ட் ஹில்லும் ரூஸ்வெல்ட் அவென்யூவும்: ஒரு வரி எழுத்தரின் கேள்வி பதில்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 22 ஆண்டுகளாக வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன். என் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ரிச்மண்ட் ஹில், சவுத் ஓசோன் பார்க் பக்கத்துக் கயானாக்காரர்கள். மீதிப் பேர் கொரோனா, ஜாக்சன் ஹைட்ஸ் பக்கத்து ஈக்வடோர், மெக்சிகோ, கொலம்பியா, டொமினிக்கன் மக்கள். (கொரோனா என்பது ஊர்ப் பெயர். நோய்க்கு முந்தியது.) இந்த இரு சாராரின் வாழ்க்கை நிலையைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒருவர்): கயானா ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது?

அது கானா. கயானா தென் அமெரிக்காவில், வெனிசுவேலாவுக்கும் சுரிநாமுக்கும் நடுவில் இருக்கிறது. 1966 வரை ஆங்கிலேயர் ஆண்ட நாடு. மக்கள்தொகை 8 லட்சம் அளவில்தான். தென் அமெரிக்காவில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரே நாடு என்பதால் அவர்கள் ‘ஹிஸ்பானிக்’ (ஸ்பானிய மொழி நாடுகளின் வம்சாவளி) கணக்கில் வரமாட்டார்கள்.

கேள்வி (டாலஸ் வாசகி): இரு சாராரில் யார் வசதியாக இருக்கிறார்கள் ஐயா? ஏன்?

குவீன்ஸை மட்டும் வைத்துச் சொன்னால், கயானாக்காரர்கள். சொந்த வீடும் குடும்ப வருமானமும் அவர்களுக்குக் கூடுதல், வறுமை குறைவு. மெக்சிகோக்காரர்களும் டொமினிக்கன்களும் நகரத்தின் ஏழ்மைப் பட்டியலில் மேலே இருக்கிறார்கள். ‘ஏன்’ என்பதற்குத்தான் நேரம் எடுக்கும்.

என் மேசையில் நடப்பதையே சொல்கிறேன். பிப்ரவரியில் ஒரு கயானா குடும்பம் வந்தால் ஒரே உறையில் நான்கு சம்பளச் சான்றுகள் இருக்கும். அப்பா காவலாளி, அம்மா முதியோரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பணியாளர், மகன் கென்னடி விமான நிலையத்தில், மகள் வங்கியில். நான்கையும் கூட்டினால் வரும் தொகையைப் பார்த்து ‘நடுத்தர வர்க்கம்’ என்று எழுதிவிடுவார்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிய சம்பளம் இல்லை. நால்வருக்கும் சட்டப்படி வேலை செய்யத் தேவையான சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது, நால்வருக்கும் ஆங்கிலம் தாய்மொழி போல வருகிறது. அதுதான் விஷயம்.

அடுத்து ஒரு மெக்சிகோக்காரர் வருவார். இரண்டு உணவகங்களில் வேலை, வாரத்துக்கு 70 மணி நேரம். ஒன்றில் கையில் ரொக்கமாகத் தருகிறார்கள். அவரிடம் இருப்பது வரி கட்டுவதற்கென்று 1996 முதல் கொடுக்கப்படும் தனி எண் மட்டுமே. வரி முழுதாகக் கட்டுவார். ஆனால் குறைந்த வருமான உழைப்பாளிகளுக்கு மத்திய அரசு திருப்பித் தரும் சலுகை அந்த எண்காரருக்குக் கிடையாது. அதே வருமானமும் அதே மூன்று பிள்ளைகளும் உள்ள கயானாக்காரருக்கு அந்தச் சலுகை உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வித்தியாசம். பத்து ஆண்டு சேர்ந்தால் ஒரு வீட்டின் முன்பணம்.

இந்தக் காகித வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 1962இல் பிரிட்டன் தன் காமன்வெல்த் குடிமக்களுக்குக் கதவைச் சாத்தியது. 1965இல் அமெரிக்கா குடும்ப உறவின் அடிப்படையில் கதவைத் திறந்தது. கயானாவிலிருந்து முதலில் தாதியரும் எழுத்தர்களும் வந்தார்கள். பிறகு அவர்கள் தம்பி, தங்கை, பெற்றோர் என்று ஒவ்வொருவராக மனுப்போட்டு அழைத்தார்கள். மெக்சிகோவுக்கோ அதே காலத்தில் கதவு குறுகியது. 1942 முதல் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் திட்டம் 1964இல் முடிந்தது. 1976இல் நாட்டுக்கு 20,000 விசா என்ற உச்சவரம்பு மேற்குக் கோளத்துக்கும் (அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்கும்) வந்தது. கயானாவுக்கும் அதே வரம்பு, மக்கள்தொகையில் அதைவிடப் பல பத்து மடங்கு பெரிய மெக்சிகோவுக்கும் அதே வரம்பு. இன்றும் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதி நிற்கிறது. கிரீன் கார்டு வரிசையில் தலைநரைக்கும் நம்மவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மெக்சிகோக்காரர் தம்பிக்கு மனுப்போட்டால் 20 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். காத்திராதவர் எல்லையைத் தாண்டி வருகிறார், அவ்வளவுதான்.

கேள்வி (சான் ஹோசே): ஹிஸ்பானிக் மக்களின் சராசரி வருமானம் என்ன?

அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. போர்ட்டோ ரிக்கோக்காரர் 1917 முதலே அமெரிக்கக் குடிமகன். கியூபாக்காரருக்கு 1966இல் தனிச் சட்டமே போட்டுக் கிரீன் கார்டு கொடுத்தார்கள். டொமினிக்கன்கள் 1961இல் சர்வாதிகாரி ட்ரூஹியோ கொல்லப்பட்ட பிறகு, பெரும்பாலும் விசாவோடு வந்தவர்கள். மெக்சிகோக்காரர் கதையை மேலே சொன்னேன். இவர்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டிச் சராசரி எடுத்தால் யாருடைய வாழ்க்கையும் அதில் இருக்காது. எண்ணிக்கை வேண்டுமானால் தருகிறேன். 2011 நிலவரப்படி நகரில் வெளிநாட்டில் பிறந்த டொமினிக்கன்கள் சுமார் 3.8 லட்சம், மெக்சிகோக்காரர்கள் 1.86 லட்சம், கயானாக்காரர்கள் 1.4 லட்சம். 8 லட்சம் பேர் உள்ள நாட்டிலிருந்து ஒரே நகரத்தில் 1.4 லட்சம். யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (பெயர் சொல்லாதவர்): என் விசா புதுப்பிப்பு மனுவை நீங்கள் பார்த்துத் தர முடியுமா?

முடியாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள். இந்தச் சாக்கில் ஒரு எச்சரிக்கை: ஸ்பானிய மொழி நாடுகளில் ‘நோட்டாரியோ’ என்றால் படித்த வழக்கறிஞர். இங்கே ‘நோட்டரி’ என்றால் கையெழுத்துக்குச் சாட்சியாக முத்திரை குத்துபவர், அவ்வளவே. இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துப் பிழைக்கும் கூட்டம் ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா வழியாகப் போகும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் இருக்கிறது. காகிதம் கெட்டால் வாழ்க்கையே கெடும்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): காகிதம், சட்டம் என்று சுற்றி வளைக்கிறீர்கள். கயானாக்காரர்கள் இந்திய வம்சாவளி. சேமிப்பு நம் ரத்தத்தில் ஊறியது. ஸ்பானிய மக்கள் வாரச் சம்பளத்தை வெள்ளிக்கிழமையே செலவழித்துவிடுவார்கள். பண்பாடுதான் காரணம் என்று சொல்ல ஏன் தயக்கம்?

தயக்கம் இல்லை, உடன்பாடு இல்லை. கயானாக்காரர்கள் ‘பாக்ஸ் ஹேண்ட்’ என்று ஒன்று போடுவார்கள். இருபது பேர் வாரம் 100 டாலர் போட்டு, ஆளுக்கொரு முறை மொத்தத்தை எடுப்பது. நம் ஊர்ச் சீட்டுதான், ஏலம் மட்டும் இல்லை. அதையே டொமினிக்கன்கள் ‘சான்’ என்கிறார்கள், மெக்சிகோக்காரர்கள் ‘தாண்டா’ என்கிறார்கள். நீங்கள் சொல்லும் அதே ‘செலவாளிகள்’ சமையலறை ஓரத்தில் நோட்டுப் புத்தகம் வைத்துச் சீட்டு எழுதுகிறார்கள். இன்னொன்று: கயானாக்காரர்கள் எல்லோரும் இந்திய வம்சாவளி அல்லர். புரூக்ளினில் ஃப்ளாட்புஷ், கனார்சி பக்கம் போய்ப் பாருங்கள். ஆப்பிரிக்க வம்சாவளிக் கயானாக்காரர்களும் வீடு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் ரத்தத்தில் என்ன ஊறியது?

அதே எடிசன் வாசகர்: அப்படியானால் போர்ட்டோ ரிக்கோக்காரர்களைப் பார்ப்போம். நீங்களே சொன்னீர்கள், 1917 முதல் குடியுரிமை. எல்லாக் காகிதமும் உண்டு. ஏன் இன்னும் ஏழைகளாக இருக்கிறார்கள்?

இது நல்ல கேள்வி. முதல் கேள்வியைவிட நூறு மடங்கு நல்லது. காகிதம் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொன்னதுபோல் தொனித்திருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன்.

அவர்கள் பெருமளவில் வந்தது 1940களிலும் 50களிலும். அப்போது இந்த நகரத்தில் சுமார் 10 லட்சம் ஆலை வேலைகள் இருந்தன. ஆடைத் தையல், பொம்மை, பை தைப்பது. ஆங்கிலம் வேண்டாம், கை வேகம் போதும். 1980க்குள் அந்த வேலைகளில் பாதி போய்விட்டன. ஏறிய ஏணியை நடுவில் உருவிவிட்டார்கள். கயானாக்காரர்கள் வந்து சேர்ந்தபோது நகரத்தில் வளர்ந்துகொண்டிருந்தவை மருத்துவமனை, வங்கி, அலுவலக வேலைகள். அவற்றுக்கு வேண்டியது ஆங்கிலம். அது அவர்களிடம் இருந்தது. வந்த காலமும் ஒரு சொத்துதான்.

இன்னொன்றும் உண்டு. விமான டிக்கெட் மட்டும் போதும் என்றால் ஏழையும் வரலாம், திரும்பியும் போகலாம். விசாவுக்கு வரிசையில் நின்று வருபவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். கயானாவில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு பன்னாட்டு நிதிய ஆய்வு கணக்கிட்டது. இங்கே நாம் பார்ப்பது கயானாவை அல்ல, கயானாவின் பாலாடையை.

கேள்வி (ராலே): எடிசன் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியர்கள் எங்கே போனாலும் முன்னேறுவார்கள்.

ரிச்மண்ட் ஹில்லில் வாடகைக்கு வீடு தேடும் கயானா இளைஞனிடம், இந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள் அவனை ‘இந்தியர்’ என்று ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். அவன் தோல்வியடைந்தால் ‘கரீபியன்’, வீடு வாங்கினால் ‘நம்ம ரத்தம்’. நல்ல கணக்கு.

கேள்வி (டொராண்டோ): சொந்த வீடு கூடுதல் என்கிறீர்கள். கடன் எப்படிக் கட்டுகிறார்கள்?

பேஸ்மென்ட்டால், அதாவது வீட்டின் நிலவறையால். மாடியில் பெற்றோர், நடுவில் மகன் குடும்பம், கீழே வாடகைக்கு ஒருவர். அந்த ஒருவர் பல வீடுகளில் யார் தெரியுமா? ஈக்வடோர்க்காரர் அல்லது மெக்சிகோக்காரர். ஒருவரின் வாடகையில் மற்றவரின் வீட்டுக்கடன் அடைகிறது. இரு சாராரையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதும் அறிக்கைகளில் இந்தப் படிக்கட்டு தெரியாது.

அந்தப் பேஸ்மென்ட்களில் பெரும்பாலானவை அனுமதி இல்லாதவை. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள், பெரும்பாலும் குவீன்ஸில். மறுநாள் என் வாடிக்கையாளர் ஒருவர் நனைந்த வரிக் காகிதங்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார். சான்று போனால் அடுத்த ஆண்டு நிரூபிக்க முடியாதே என்ற பயம்.

2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் இதே தெருக்கள்தான் அடிவாங்கின. வருமானத்தை உயர்த்தி எழுதிக் கடன் வாங்கித் தந்த தரகர் பலருக்குச் சொந்த ஊர்க்காரராகவே இருந்தார். ‘நம்ம ஆள்’ என்று நம்பிக் கையெழுத்திடாதீர்கள். நோட்டாரியோ கதையேதான், மொழி மட்டும் வேறு.

கேள்வி (பஃபலோ): நியூயார்க் நகரத்துக்கு வெளியே கயானாக்காரர்கள் இருக்கிறார்களா?

ஸ்கெனெக்டடி. ஜெனரல் எலக்ட்ரிக் ஆட்குறைப்பால் காலியான ஊர். 2002 வாக்கில் அதன் மேயர் ஆல்பர்ட் ஜர்சின்ஸ்கி, குவீன்ஸிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கயானாக்காரர்களை வரவழைத்துத் தானே ஊரைச் சுற்றிக் காட்டினார். மாமியார் வீட்டில் ஒயினும் பிஸ்கட்டும் வேறு. பாழடைந்த வீடுகளை அவர்கள் மலிவாக வாங்கித் தாங்களே பழுதுபார்த்தார்கள். அதே பத்தாண்டில் வேறு பல ஊர்கள் மெக்சிகோக்காரர்களை எப்படி விரட்டுவது என்று தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தன. எடிசன் நண்பர் இதையும் தன் பண்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி (மதுரை): கயானாக்காரர்கள் தமிழர்களா?

பெரும்பாலோர் இல்லை. 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 2.39 லட்சம் பேர் போனார்கள். மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய உத்தரப்பிரதேச, பீகார்க்காரர்கள். சிறு பங்கினர் சென்னையிலிருந்து போனார்கள். அவர்களை ‘மதராசி’ என்பார்கள். மாரியம்மன் வழிபாடு அங்கே காளி மாய் பூசையாக வாழ்கிறது, பறையை இன்றும் ‘தப்பு’ என்றே சொல்கிறார்கள். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் வீராசாமி நாகமுத்துவின் பெயரே போதும்.

கேள்வி (கோவை): இரு சாராரில் யார் வசதியாக இருக்கிறார்கள்?

மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி (சிட்னி): சராசரி வருமானத்தை மட்டும் சொல்லிவிடுங்களேன்?

மேலே.

கேள்வி (சேலம்): அவ்வளவு படித்தவர்கள் நாட்டை விட்டு ஏன் ஓடினார்கள்?

கயானாவை அப்போது ஆண்ட பர்ன்ஹாமின் ஆட்சி. மோசடித் தேர்தல்கள், தேசியமயம், கடைகளில் வரிசை. 1982இல் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை வந்தது. ரொட்டி சுட்டுத் தின்னும் மக்களுக்கு அரிசி மாவைக் கொடுத்தார்கள். அரிசி மாவு ரொட்டி தவாவிலேயே உதிர்ந்துபோகும் என்று என் வாடிக்கையாளர் ஒருவர் இன்னமும் கோபமாகச் சொல்வார். சுரிநாமிலிருந்து மாவைக் கடத்தி வந்து, வாசம் தெருவுக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு சுட்டார்களாம். நியாயமான தேர்தல் வர 1992 ஆயிற்று.

கேள்வி (ஹூஸ்டன்): இப்போது கயானாவில் எண்ணெய் கிடைத்துவிட்டதே, திரும்பிப் போவார்களா?

2015இல் கண்டுபிடித்தார்கள், 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். 2022இல் மட்டும் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஆனாலும் என் வாடிக்கையாளர்கள் ஊரில் நிலம் வாங்குகிறார்கள், பீப்பாயில் அரிசியும் சோப்பும் அனுப்புவதை நிறுத்தவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. அங்கே குடியேறுபவர்கள் வெனிசுவேலாக்காரர்கள். 1970களில் பிழைப்புக்காக வெனிசுவேலா போன கயானாக்காரர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

போன மார்ச்சில் கயானாவின் பெர்பீஸ் பக்கத்துப் பாட்டி ஒருவர், ஊர் திரும்பிய தன் தம்பி மகனைக் கைப்பேசியில் அழைத்தார். அவனுக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். பாட்டிக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. என் அலுவலகத்து ஈக்வடோர்ப் பெண் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, அத்தைக்கும் மருமகனுக்கும் நடுவில் இருபது நிமிடம் மொழிபெயர்த்தாள். பெரும்பாலும் வேலி யாருடையது என்ற பேச்சு. பாட்டி அவளுக்கு ஒரு பை நிறையப் பைன் டார்ட் கொடுத்துவிட்டுப் போனார்.

கேள்வி (ஹூஸ்டன், மறுபடியும்): பைன் டார்ட் என்றால் என்ன? எங்கே கிடைக்கும்?

அன்னாசிப் பழப் பாகு வைத்த முக்கோணப் பலகாரம். ஏ ரயிலில் லெஃபர்ட்ஸ் புலவார் கடைசி நிறுத்தத்தில் இறங்கி லிபர்ட்டி அவென்யூவில் எந்தக் கயானா பேக்கரியிலும் கேளுங்கள். சனிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் தட்டு காலி.