வெளிமாநில வேட்டைக்காரருக்கு வான்கோழிக் குலுக்கல்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் காட்டு வான்கோழி வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் வருடா வருடம் 'ஏ' காலகட்டத்துக்கே விண்ணப்பிக்கிறேன். விழவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் 'ஏ'யை விடுங்கள். அங்கே வசந்தகால வேட்டைக்கு ஏ முதல் எஃப் வரை ஆறு காலகட்டங்கள். ஒவ்வொன்றும் புதன் தொடங்கி அடுத்த செவ்வாய் வரை. உள்ளூர்க்காரர்கள் ஆரம்பத்திலேயே போய் மொய்க்கிறார்கள், குலுக்கலில் முன்னுரிமையும் அவர்களுக்குத்தான். மிஞ்சியதுதான் நமக்கு. அதனால் டிசம்பர் 10க்குள் போடும் விண்ணப்பத்தில் கடைசிக் காலகட்டங்களைக் கேளுங்கள். மே மாதத்தில் இலை அடர்ந்திருக்கும், உண்ணித் தொல்லையும் உண்டு. ஆனால் பெட்டைகள் அடைகாக்க உட்கார்ந்துவிடுவதால், விடிந்து வெகுநேரம் கழித்தும் தனியே திரியும் சேவல் நீங்கள் கொடுக்கும் பெட்டைக் குரலுக்கு ஓடி வரும். நெரிசலும் குறைவு.

விழாவிட்டாலும் கவலை வேண்டாம். மீந்த அனுமதிகளை மார்ச்சில் மண்டல வாரியாக விற்பார்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்று. என்னைக் கேட்டால் வெளிமாநிலக்காரர் நம்ப வேண்டியது இந்த விற்பனையைத்தான்.

அரிசோனாவில், குலுக்கலில் விழாத ஒவ்வொரு முறையும் கிடைக்கும் போனஸ் புள்ளியில் நாலு சேர்த்துவிட்டேன். இந்த முறை உறுதிதானே?

இல்லை. அங்கே புள்ளி என்பது வரிசையில் இடம் இல்லை, கூடுதல் சீட்டு. நாலு புள்ளி இருந்தால் கணினி உங்களுக்கு ஐந்து எண்களைப் போட்டு, அதில் சிறியதை எடுத்துக்கொள்ளும். புள்ளியே இல்லாத ஒரு புதுமுகத்துக்கு ஒரே எண்தான், ஆனால் அது உங்களுடையதைவிடச் சிறியதாக விழுந்தால் அவர் முந்திவிடுவார். அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கென்று 20 சதவீதம் வரை ஒதுக்குகிறார்கள்தான். ஆனால் வெளிமாநிலத்தவருக்கு மொத்தத்தில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு.

கையில் இருப்பதைக் கூட்ட வழி உண்டு. மாநிலத் துறையின் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்தால் ஒரு நிரந்தரப் புள்ளி. ஐந்து வருடம் விடாமல் விண்ணப்பித்தால் விசுவாசப் புள்ளி ஒன்று. ஒரு வருடம் விட்டால் அது போச்சு. அப்புறம், நண்பரைச் சேர்த்துக் குழுவாக விண்ணப்பிக்கும் முன் யோசியுங்கள்: புள்ளிகளைச் சராசரி எடுப்பார்கள். நாலு புள்ளிக்காரர் புள்ளியே இல்லாதவரோடு சேர்ந்தால் இரண்டாகிவிடும். நட்பு பெரிதா புள்ளி பெரிதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

தெற்கு எல்லை மலைகளில் உள்ள கூல்ட்ஸ் வகை வான்கோழிக்கு அனுமதிகள் மிகச் சொற்பம். வேட்டையாடியே தீர வேண்டும் என்றால் இன்னொரு வகையான மெரியம்ஸுக்குக் கேளுங்கள். எதற்குக் கேட்டாலும் முதலில் வேட்டை உரிமம் வாங்கியாக வேண்டும், அந்தப் பணம் திரும்பாது.

கான்சஸில் முன்பு கடையிலேயே அனுமதி வாங்கினேன். இப்போது?

2024 முதல் வெளிமாநிலத்தவருக்கு அங்கேயும் குலுக்கல்தான். மாநிலத்தின் வேட்டைப் பகுதிகளில் நான்காம் பிரிவு உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். பக்கத்து நெப்ராஸ்காவில் குலுக்கல் இல்லை. 2023இல் வெளிமாநிலத்தவருக்கு 10,000 அனுமதிகள் என்று வரம்பு வைத்தார்கள், முந்துபவருக்கு முன்னுரிமை. விற்பனை தொடங்கும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு கணினி முன் உட்காருங்கள். தள்ளிப்போட்டால் தீர்ந்துவிடும்.

நான் எச்1பி விசாவில் டெக்ஸாஸில் இருக்கிறேன். நானும் வெளிமாநிலத்தவரா?

குடியுரிமையும் இதுவும் வேறு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்ஸாஸில் வசித்திருந்தால் வேட்டை உரிமத்துக்கு நீங்கள் டெக்ஸாஸ்காரர்தான். வேறு மாநிலத்தில் விண்ணப்பித்தால் மட்டுமே வெளிமாநிலத்தவர். ஆனால் ஒன்று: குடியேற்றமல்லாத விசாவில் (எச்1பியும் அதில் ஒன்று) இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆகவே துப்பாக்கியைத் தொடும் முன் உரிமம் கையில் இருக்கட்டும், காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமையில் சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.