பெரிய ஏரி, சின்னப் படகு, வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ட்ரோலிங் பற்றித்தான். அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ட்ரோலிங் என்பது படகை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் தூண்டிலை இழுத்துப் போவதுதானே? அதற்கு ஏன் இத்தனை சாமான், இத்தனை பேச்சு?

பதில்: அதேதான், வேறொன்றும் இல்லை. ஆனால் எங்கே இழுக்கிறீர்கள் என்று ஒன்று இருக்கிறதே. வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒன்றான மிச்சிகன் ஏரி 494 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 281 மீட்டர். ஒண்டாரியோ ஏரியைச் சின்னது என்பார்கள், அதுவே 244 மீட்டர் ஆழம். இவ்வளவு தண்ணீரில் சால்மன் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்காது, இரை மீன் கூட்டத்துக்குப் பின்னால் அலைந்துகொண்டே இருக்கும். நாம்தான் தேடிப் போக வேண்டும்.

தேடுவதற்கு ஒரு துப்பு உண்டு, தண்ணீரின் சூடு. கோடையில் மேல்தண்ணீர் வெயிலில் காய்ந்து 20 டிகிரி வரை போகும், அடியாழத்தில் 4 டிகிரியை ஒட்டியே கிடக்கும் (4 டிகிரியில்தான் தண்ணீருக்குக் கனம் அதிகம், அதனால் அது கீழேயே தங்கிவிடுகிறது). இந்த இரண்டுக்கும் நடுவில் சில மீட்டருக்குள் சூடு மளமளவென்று குறையும் ஓர் அடுக்கு இருக்கும், அதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறார்கள். சினூக் சால்மனுக்கு 12 டிகிரியை ஒட்டிய தண்ணீர் பிடிக்கும். ஸ்டீல்ஹெட், பிரவுன் ட்ரவுட் ஆகிய மீன்கள் அதைவிடக் கொஞ்சம் சூட்டில் இருக்கும், லேக் ட்ரவுட் 10 டிகிரிக்கும் கீழே குளிரைத் தேடி இறங்கிவிடும். உங்கள் தூண்டில் அந்த அடுக்கில் போகவில்லை என்றால் உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்பூனை (மீனை ஏமாற்றும் பளபளப்பான உலோகத் தகடு) கட்டினாலும் படகுச் சவாரிதான் மிச்சம். அத்தனை சாமானும் அந்த ஆழத்துக்கு இறக்கத்தான்.

கேள்வி: மீன் காட்டும் கருவியில் 25 மீட்டரில் மீன் தெரிகிறது. என் தூண்டில் 5 மீட்டருக்குக் கீழே போகவே மாட்டேன் என்கிறது. எப்படி இறக்குவது?

பதில்: மூன்று வழி சொல்கிறேன். முதலாவது டவுன்ரிக்கர். நாலு, நாலரை கிலோ ஈயக்குண்டு ஒன்று கம்பியில் தொங்கும். தூண்டில் நரம்பைக் குண்டுக்கு மேலே உள்ள கிளிப்பில் மாட்டி, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிடுவது. மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும், அப்புறம் நடுவில் கனம் எதுவும் இல்லாமல் மீனும் நீங்களும்தான். நரம்பை நன்றாக இழுத்துச் சுற்றி, ராடு வில் மாதிரி வளைந்து நிற்க வேண்டும். பெரிய மீன் கடித்தால் ராடு ஒரு கணம் சட்டென்று நிமிரும், அடுத்த கணம் நரம்பு சுற்றிய ரீல் கத்தும். சின்ன மீன் என்றால் கிளிப் விடாது, ராடு நுனி மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு சின்ன லேக் ட்ரவுட்டை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு.

இரண்டாவது லெட்கோர், உள்ளே ஈயம் வைத்துப் பின்னிய நரம்பு. 10 கஜத்துக்கு ஒரு நிறம் மாறும், மணிக்கு 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்குத் தோராயமாக 5 அடி இறங்கும். கணக்கு சுலபம், கருவி எதையும் படகில் திருகவும் வேண்டாம், ஆனால் 25 மீட்டருக்கு இறக்க எவ்வளவு நரம்பு விட வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். மேல் அடுக்குகளுக்குத்தான் அது சரி. மூன்றாவது டிப்ஸி மாதிரியான டைவர், தட்டு வடிவத்தில் இருக்கும், தண்ணீரை வெட்டிக்கொண்டு தானே கீழே போகும். அடித்தட்டைத் திருகி வைத்தால் பக்கவாட்டிலும் விலகிப் போகும். சின்னப் படகில் ஒரு டவுன்ரிக்கர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு டைவர் என்று வைத்தால் மூன்று ஆழத்தைத் தேடலாம், சிக்கும் குறைவு.

டவுன்ரிக்கர் பற்றி ஓர் எச்சரிக்கை. குண்டு அடியில் எதிலாவது மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து அலையும் தள்ளினால் அந்தக் கம்பி படகின் பின்பக்கத்தையே கீழே இழுக்கும். பிரேக்கை முறுக்கிப் பூட்டி வைக்காதீர்கள், இழுத்தால் கம்பி ஓடுகிற அளவுக்குத்தான் இறுக்கம். கம்பி வெட்டும் குறடு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு குண்டு போனால் போகிறது.

கேள்வி: ஜிபிஎஸ்ஸில் 2.5 மைல் வேகம் காட்டுகிறது. பக்கத்துப் படகும் அதே வேகம், அதே ஸ்பூன். அவர்களுக்கு மீன் விழுகிறது, எங்களுக்கு இல்லை. என்ன ராசியோ!

பதில்: ராசியெல்லாம் இல்லை. ஜிபிஎஸ் சொல்வது படகு பூமிக்கு மேலே நகரும் வேகம். 25 மீட்டர் கீழே ஓடும் தண்ணீருக்கு அது தெரியாது. பெரிய ஏரிகளில் மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் நீரோட்டம் இருப்பது சாதாரணம். நீரோட்டத்துக்கு எதிராகப் போனால் ஸ்பூன் தலைதெறிக்கச் சுழலும், அதோடு சேர்ந்து போனால் செத்த இலை மாதிரி தொங்கும். இரண்டு படகும் எதிரெதிர்த் திசையில் போனால் வேகம் ஒன்றாகத் தெரிந்தாலும் கீழே நடப்பது வேறு.

குண்டோடு சேர்த்து இறக்கும் வேகமானி இருக்கிறது, விலை அதிகம். அது இல்லாதவர்கள் டவுன்ரிக்கர் கம்பியைப் பாருங்கள். ஒரு திசையில் போகும்போது கம்பி பின்னால் நன்றாகச் சாய்ந்தும், திரும்பி வரும்போது நேராகத் தொங்கியும் இருந்தால் கீழே ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். மீன் கடித்தபோது கம்பி எந்தச் சாய்வில் இருந்தது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே சாய்வு வரும்வரை வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். எண்ணை மறந்துவிடுங்கள். சாய்வு கூடினால் குண்டும் மேலே ஏறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பொதுவாக சினூக்குக்கு 2 முதல் 3 மைல், லேக் ட்ரவுட்டுக்கு அதைவிட மெதுவாக, 2 மைலுக்கும் கீழே.

இன்னொன்று, கோடு போட்ட மாதிரி நேராகவே ஓட்டாதீர்கள். கைகோத்து வட்டமடிக்கும் பிள்ளைகளில் வெளிப்பக்கத்துப் பையன் ஓட, உள்பக்கத்துப் பையன் நின்ற இடத்திலேயே திரும்புவான் பாருங்கள், படகை லேசாக வளைத்தால் தூண்டில்களுக்கும் அதேதான். வெளித் தூண்டில் வேகமெடுக்கும், உள்தூண்டில் தொய்ந்து இறங்கும். எதில் கடி விழுகிறதோ அதுதான் அன்றைய வேகத்துக்கான பதில்.

கேள்வி: என்ன நிறம் கட்டலாம்?

பதில்: தண்ணீருக்குள் முதலில் காணாமல் போவது சிவப்பு. பச்சையும் நீலமும்தான் ஆழம் வரை தாங்கும். விடிவதற்கு முன்னால் இருட்டில் மின்னும் பூச்சு, வெயில் ஏறினால் வெள்ளி, அவ்வளவு போதும். ஆழமும் வேகமும் சரியாக அமைவதற்குள் பத்து நிறம் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நிறத்தை விட முள்ளைப் பாருங்கள், நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 16 அடி அலுமினியப் படகு. இதில் பெரிய ஏரிக்குள் போவது பைத்தியக்காரத்தனம் என்கிறார் என் மாமனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மாமனார் பாதி சரி. போகலாம், ஆனால் எந்த நாள் போவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, ஏரிதான் செய்யும்.

1966இல் மிச்சிகன் மாநிலம் கோஹோ சால்மன் குஞ்சுகளை ஏரியில் சேரும் ஆறுகளில் விட்டது. கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணியால் லேக் ட்ரவுட் அழிந்துபோய், தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் என்ற சின்ன மீன் ஏரி முழுக்கப் பெருகியிருந்த நேரம். குஞ்சுகள் அதைத் தின்று கொழுத்து 1967 இலையுதிர் காலத்தில் பெரிய மீனாகத் திரும்பின. செய்தி பரவ, கையில் கிடைத்த படகையெல்லாம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆட்கள் வந்து குவிந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று, சிறு படகுகளுக்கான எச்சரிக்கை விடுத்திருந்தும் பலர் கேட்காமல் இறங்கினார்கள். காற்று திடீரென்று வலுத்தது, படகுகள் கவிழ்ந்தன, 7 பேர் இறந்தார்கள். மீன் கரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. யாரும் வெகுதூரம் போகத் தேவையே இருக்கவில்லை.

பெரிய ஏரியின் அலை கடலலை மாதிரி நீண்டு உருளாது, குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். 16 அடிப் படகு ஒரு அலையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஏமாற்றுவது கரையிலிருந்து ஏரிப்பக்கம் அடிக்கும் காற்றுதான். கரையோரம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், சில கிலோமீட்டர் உள்ளே போனதும் அலை எழும், திரும்பும்போது படகின் மூக்கை நேராக அதில் கொடுத்தாக வேண்டும். அதனால் காலையில் முதலில் காற்றுக்கு எதிராகப் போய்விட்டு, தூண்டில் போட்டுக்கொண்டே காற்றோடு திரும்புங்கள். களைத்துப்போன நேரத்தில் பயணம் சுலபமான பக்கமாக இருக்கும்.

லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். வசந்தத்தில் தண்ணீர் 4, 5 டிகிரி. விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, தலை மேலே இருந்தால்தான் பிழைப்பு. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அந்த முதல் நிமிடத்தில் எதற்கும் ஆகாது. தனியாகப் போகிறவர்கள் என்ஜினை அணைக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் கிளம்பவே கூடாது, ஆள் விழுந்து படகு மட்டும் மணிக்கு 2.5 மைலில் போய்க்கொண்டிருந்தால் நீந்திப் பிடிக்க முடியாது. செல்போன் சிக்னலை நம்பாமல் விஎச்எஃப் ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு 16ஆம் சேனல். வசந்தத்தில் குளிர்ந்த தண்ணீர் மேல் சூடான காற்று வந்தால் மூடுபனி இறங்கிவிடும், ஆகவே திசைகாட்டியும்.

மாமனாரிடம் இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள். வேண்டுமானால் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், கைவலை பிடிக்க ஆள் வேண்டும்.

கேள்வி: பெரிய மீன் மாட்டினால் படகில் ஒரே கலவரம். நரம்பெல்லாம் சிக்கி, மீனும் போய்விடுகிறது.

பதில்: என்ஜினை நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தினால் மற்ற தூண்டில்கள் தொய்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், டவுன்ரிக்கர் கம்பி ப்ரொப்பெல்லருக்கு அடியில் வரும், அலை படகைக் குறுக்கே திருப்பும். வேகத்தை மட்டும் குறைத்து நேராக ஓட்டிக்கொண்டே இருங்கள். சினூக் முதல் ஓட்டத்தில் ஐம்பது அறுபது மீட்டர் சர்வசாதாரணமாக இழுத்துக்கொண்டு போகும், போகட்டும், ரீலை இறுக்காதீர்கள். அது ஓடி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்துத் தூண்டில்களை இன்னொருவர் சுற்றி எடுத்துவிடலாம். மீன் படகைப் பார்த்ததும் இன்னொரு முறை பாயும், பெரும்பாலும் மீன் தப்புவது அங்கேதான். கைவலையை மீனின் வாலுக்குப் பின்னால் விரட்டாமல் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்து, தலை முதலில் உள்ளே வரும்படி மீனைக் கொண்டுவாருங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: சனிக்கிழமை 20 மீட்டரில் அள்ளினோம். ஞாயிறு அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை. மீன் எங்கே போனது?

பதில்: சனி இரவு காற்று கரையிலிருந்து ஏரிப்பக்கமாக அடித்ததா? அப்படியென்றால் சூடான மேல்தண்ணீரை அது உள்ளே தள்ளிவிட்டிருக்கும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த அடித்தண்ணீர் கரையோரம் மேலே வந்திருக்கும். கரையோரத் தண்ணீர் ஒரே இரவில் 10 டிகிரிகூடக் குறைவதுண்டு. சனிக்கிழமை 20 மீட்டரில் இருந்த 12 டிகிரி, ஞாயிறு அன்று 5 மீட்டரில் இருந்திருக்கலாம். நீங்கள் இழுத்தது மீனுக்குக் கீழே. படகு இறக்கும் இடத்திலேயே கையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், நேற்று சுகமாக இருந்த தண்ணீர் இன்று விரலைக் கடித்தால் மேல் அடுக்கிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: ஆழத்திலிருந்து இழுத்த லேக் ட்ரவுட்டைத் திருப்பி விட்டால் பிழைக்குமா?

பதில்: பிழைக்க வாய்ப்பு உண்டு. ட்ரவுட், சால்மன் இனங்களுக்குக் காற்றுப்பை தொண்டையோடு இணைந்திருப்பதால் மேலே வரும்போது காற்றை வாய்வழியே விட முடியும், நரம்பைச் சுற்றும்போது குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். கொல்வது பெரும்பாலும் கோடையின் சூடான மேல்தண்ணீர்தான். ரொம்ப நேரம் விளையாட்டுக் காட்டாமல் ஏற்றி, வலைக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, தலை முதலில் தண்ணீருக்குள் போகும்படி வேகமாக விடுங்கள். படம் எடுக்க மடியில் வைத்துக் கொஞ்சுவதாக இருந்தால் சமைப்பதே மேல்.

கேள்வி: சமைப்பது பற்றித்தான் கேட்க வந்தேன். பெரிய ஏரி மீனில் ரசாயனம் என்கிறார்களே?

பதில்: இருக்கிறது. அமெரிக்கா 1979இல் தடை செய்த பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் இன்னமும் அந்த ஏரிகளின் மீன்களில் இருக்கிறது, மீன் பெரிதாக, வயதாக அதிகமாகும். அது கொழுப்பில் சேர்வது, ஆகவே தோல், வயிற்றுக் கொழுப்பு, முதுகோரக் கொழுப்பு, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதை ஆகியவற்றை வெட்டி எறிந்தால் நிறையக் குறையும். பாதரசம் சதையிலேயே இருக்கும், வெட்டி எடுக்க முடியாது. எந்த ஏரியில், எந்த மீனை, எந்த நீளம் வரை, மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று அந்தந்த அரசே பட்டியல் போடுகிறது. பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீடென்றால் கட்டாயம்.

கேள்வி: ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் பணம் இருக்கிறது. எது?

பதில்: லைஃப் ஜாக்கெட் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்று எண்ணிக் காட்டும் ரீல். முதல் மீன் விழுந்ததும் அந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டால் இரண்டாவது தூண்டிலையும் அதே இடத்துக்கு அனுப்பலாம்.