பழைய காருக்கு ஏர் கிளீனர் கூடு நாமே செய்யலாமா? கேள்வி பதில்

அம்பாசடர், பத்மினி, ஹெரால்ட், மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். அசல் ஏர் கிளீனர் கூடு (என்ஜினுக்குப் போகும் காற்றை வடிக்கும் ஃபில்டர் உட்காருகிற டப்பா) துருப்பிடித்துப் போய்விட்டது, வெளியில் கிடைக்கவில்லை, பட்டறையில் செய்து கொள்ளலாமா என்பதுதான் பெரும்பாலோர் கேட்டது. தாராளமாகச் செய்யலாம். கூடு அழகாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு திருட்டுக் காற்று நுழையாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

சேலம், அம்பாசடர் 1489 சி.சி. பெட்ரோல்: பழைய ஆயில் பாத் கூட்டின் (அடியில் ஆயில் ஊற்றித் தூசியைப் பிடிக்கும் வகை) அடிப்பாகம் ஓட்டை சார். பேப்பர் ஃபில்டர் போட்டுப் புதிதாகச் செய்ய நினைக்கிறேன். அளவு எப்படி முடிவு செய்வது?

கூட்டைச் செய்துவிட்டு ஃபில்டர் தேடாதீர்கள். முதலில் ஃபில்டரை வாங்குங்கள், அதற்கு ஏற்ற மாதிரி கூடு செய்யுங்கள். எந்த ஊர் கடையிலும் பத்து வருடம் கழித்தும் கிடைக்கிற உருப்படியாக இருக்கட்டும்.

கணக்கு எளிதுதான். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 1489 சி.சி.யில் பாதி, நிமிடத்துக்கு 4200 சுற்று, சிலிண்டர் 80 சதவீதம்தான் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்று. 1089 சி.சி. பத்மினிக்கு 4800 சுற்றில் 2,100 லிட்டர் வரும். உங்களுடையதை விடப் பெரிய பெட்ரோல் என்ஜினுக்கான வட்ட ஃபில்டரை எடுத்தால் கவலை இல்லை.

இரண்டு ஃபில்டரை ஒப்பிட வேண்டுமா? மடிப்புகளை எண்ணுங்கள். மடிப்பு எண்ணிக்கை × 2 × மடிப்பின் ஆழம் × உயரம். 100 மடிப்பு, ஆழம் 2.5 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்றால் 3,000 சதுர செ.மீ. தாள். வெளியே ஒரே சைஸில் தெரிகிற இரண்டு ஃபில்டரில் ஒன்றில் பாதித் தாள்தான் இருக்கும். கடையிலேயே நின்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஃபில்டருக்கும் கூட்டின் வெளிச்சுவருக்கும் நடுவே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மூக்குக் குழாய்க்கு (வெளிக்காற்று கூட்டுக்குள் நுழையும் குழாய்) நேரே உள்ள மடிப்புகள் மட்டும் உழைக்கும். அந்தக் குழாய் 50 முதல் 60 மி.மீ. விட்டம் இருக்கட்டும். 60 மி.மீ.யில் மேற்சொன்ன 2,500 லிட்டர் காற்று நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும். 38 மி.மீ. ஆக்கினால் வேகம் 37 மீட்டர். இரைச்சலும் கூடும், இழுவையும் குறையும்.

மதுரை, பத்மினி: வீட்டில் இருக்கிற எவர்சில்வர் சம்படத்தையே கூடாக மாற்றலாமா?

நல்ல யோசனை. சம்படம் இழுத்து அழுத்திச் செய்தது, சுவரில் இணைப்பே கிடையாது. உள்ளே பெயின்ட் வேண்டாம், துருவும் உதிராது. ஆனால் தகடு மெல்லியது. மூடியும் அடித்தட்டும் என்ஜின் அதிர்வில் சலசலக்கும், கொஞ்ச நாளில் ஸ்டட் (தலையில்லாத திருகுத் தண்டு) துளையைச் சுற்றி வெடிப்பு விடும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) மேல் உட்காருகிற இடத்தில் 2 மி.மீ. தகட்டில் ஒரு வளையம் வெட்டி ஆர்கான் வெல்டிங் வையுங்கள். மூடியின் நடுவிலும் ஒரு சிறு தகடு வைத்துத் தடிமன் கூட்டுங்கள்.

மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதை யாருமே கேட்பதில்லை. கார்புரேட்டர் வாயின் விட்டம் 50 மி.மீ. என்றால், மூடி 12.5 மி.மீ. உயரத்தில் நின்றால்தான் பக்கவாட்டுத் திறப்பு வாயின் பரப்புக்குச் சமமாகும். அது வெறும் சமம்தான். காற்று திரும்பி வளைந்து இறங்க வேண்டுமே! 40, 50 மி.மீ. விடுங்கள்.

ஜி.ஐ. ஷீட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) செய்யப் போகிறவர்களுக்கு: வெல்டிங்கில் துத்தநாகப் புகை கிளம்பும், மூச்சுக்குக் கெடுதல். சாதா சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு) 20 கேஜ் போதும்.

கோவை, அம்பாசடர்: பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கிற ஆணி) அடித்து முடித்துவிடலாமா?

ஃபில்டருக்கு வெளிப்பக்கம் அடிக்கலாம். உள்பக்கம், அதாவது சுத்தமான காற்றுப் பக்கம், கூடவே கூடாது. ரிவெட்டின் நடுவில் மாட்டியிருக்கும் ஆணித்தலை என்றாவது ஒருநாள் கழன்று விழும். அது விழுகிற இடம் கார்புரேட்டர் வாய், அங்கிருந்து வால்வு. உள்பக்கம் நட், வாஷர் எதுவுமே தனியாக இருக்க வேண்டாம். வெல்டிங் வைத்த நட், வெளியே விங் நட் (கையாலேயே திருகுகிற இறக்கை நட்). துளை போட்ட பிறகு பிசிறை அரம் போட்டு எடுத்து, கூட்டை மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மினுமினுப்பு தெரிந்தால் மறுபடியும் கழுவ வேண்டும்.

யாழ்ப்பாணம், மொரிஸ் மைனர்: அண்ணை, நானே செய்த கூட்டைப் பூட்டினால் வண்டி இழுக்குதில்லை. கழற்றினால் நல்லா ஓடுது. ஃபில்டர் புதுசு.

தம்பி, உங்கள் எஸ்.யூ. கார்புரேட்டரின் முகப்பைப் பாருங்கள். பெரிய வாய்க்குப் பக்கத்தில் சிறு துளை தெரியும். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனின் அடிப்பக்கம் அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கேஸ்கட் (இணைப்பில் வைக்கும் அடைப்புத் தாள்) அந்தத் துளையை மூடிவிட்டால் பிஸ்டன் சரியாக மேலே ஏறாது, காற்றும் பெட்ரோலும் தேவையான அளவு போகாது. கேஸ்கட்டையும் அடித்தட்டையும் கார்புரேட்டர் முகப்பில் வைத்துப் பென்சிலால் துளையைக் குறித்து வெட்டுங்கள். கேஸ்கட்டைத் தலைகீழாக மாட்டினாலும் இதே கோளாறு வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

திருச்சி, அம்பாசடர்: சோபா ஸ்பாஞ்ச் சுற்றி ஃபில்டர் செய்திருக்கிறார் மெக்கானிக். நன்றாகத்தான் ஓடுகிறது.

இன்றே கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி பட்டால் அது பொடிப்பொடியாக உதிர்ந்து என்ஜினுக்குள் போகும். கார்புரேட்டர் வழியாக ஒருமுறை பேக்ஃபயர் (தீ பின்னோக்கிச் சீறுவது) ஆனால் தீயும் பிடிக்கும். ஃபில்டருக்கென்றே வருகிற ஃபோம் வேறு, அதை எண்ணெயில் நனைத்துப் போடுவார்கள்.

சென்னை, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: பானட் மூடினால் கூட்டில் இடிக்குமா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் ஒன்றாகத் தூக்கி வரும், மூடிவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கூட்டின் மூடி மேல் இரண்டு மூன்று இடத்தில் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். மாவு எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று ஸ்கேலில் அளக்கலாம். 20 மி.மீ. மிச்சம் வேண்டும், ஏனென்றால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது என்ஜின் தன்னைத் தாங்குகிற ரப்பர் மவுன்ட்டின் மேல் ஆடும்.

அதே காரணத்தால் கூட்டுக்குக் கொடுக்கிற தாங்கு பட்டையை என்ஜினோடு இணையுங்கள், பாடியோடு வேண்டாம். ஒரு பக்கம் பாடியும் மறுபக்கம் கார்புரேட்டருமாகப் பிடித்தால் ஆட்டம் முழுவதும் கார்புரேட்டர் ஸ்டட்டில் இறங்கும்.

ஈரோடு, அம்பாசடர்: ராக்கர் கவரிலிருந்து (என்ஜினின் மேல்மூடி) வரும் ரப்பர் குழாயை எங்கே செருகுவது? சும்மா விட்டுவிடலாமா?

சும்மா விட்டால் என்ஜின் ஆயிலுக்கே தூசி போக வழி திறக்கும். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கூட்டில் ஒரு சிறு குழாய் வைத்து அதில் செருகுங்கள். வெளிப்பக்கம் செருகினால் எண்ணெய்ப் புகை பட்டுத் தாள் நனைந்து அடைத்துக்கொள்ளும்.

நாமக்கல், பத்மினி: செய்து மாட்டிவிட்டேன். சரியாக அடைத்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கூட்டைக் கழற்றி, ஃபில்டரோடு மூடியை முறுக்கி, கார்புரேட்டர் பக்கத்துத் துளை வழியாகச் சின்ன எல்.இ.டி. விளக்கை உள்ளே விட்டு அந்தத் துளையைத் துணியால் மூடுங்கள். இருட்டறையில் மூக்குக் குழாய் வழியாகவும் இணைப்புகளிலும் பாருங்கள். ரப்பர் விளிம்பில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் தூசிக்கும் அதுதான் வழி.

ஓட்டிப் பார்க்கிற சோதனையும் உண்டு. ஃபில்டர் தாண்டி உள்சுவரில் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு விரலால் எடுத்துத் தேய்த்தால், நறநறவென்று மணல் உணர்வு இருக்கக் கூடாது. இருந்தால் ஃபில்டரைக் குறை சொல்லாமல் விளிம்பைப் பாருங்கள்.

அடைப்பு அளவு தெரிய வேண்டுமானால் நீளமான ஒளி ஊடுருவும் குழாயை U வடிவில் மடக்கி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைச் சுத்தமான பக்கத்தில் இணையுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு சதவீத இழப்பு. அது பரவாயில்லை. தண்ணீர் என்ஜினுக்குள் இழுக்கப்படாதபடி குழாய் ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும்.

தஞ்சாவூர், 1968 அம்பாசடர்: விண்டேஜ் பதிவு செய்ய நினைக்கிறேன். கூட்டை மாற்றினால் பிரச்சினை வருமா?

2021ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிதான் அதில் வரும். கூடு கழற்றி மாட்டுகிற உருப்படி. அதனால் அசலை எடைக்குப் போடாதீர்கள். அது ஆயில் பாத் கூடாக இருந்தால், ஓட்டை விழுந்த அடிப்பாகத்தை டிங்கர் கடையில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பிரேசிங் (பித்தளை உருக்கி ஒட்டுவது) வைக்கலாம். ஊற்றிய ஆயில் ஒரு இரவு முழுக்கக் கசியாமல் நின்றால் அப்படியே மாட்டி ஓட்டுங்கள்.